ஒரே வாயால் சொல்வதா, நாலு வாயால் சொல்வதா?

1. அலைவாய்க்கரை

எல்லோருக்கும் வணக்கம். பகலில் கணக்கு எழுதுகிறேன், இரவில் நாவல் எழுதுகிறேன். இப்போது இரண்டிலும் கூட்டல் பிழை வருகிறது. அதனால்தான் இங்கே வந்தேன்.

கதை திருகோணமலைத் திருக்கடலூரில் நடக்கிறது. 1978 சூறாவளிக்கு மூன்று வருடம் முந்தி. அப்பா ஒரு காலத்தில் பெயர்போன கரைவலைச் சம்மாட்டி, இப்போது கழுத்துவரை கடன். ஒருநாள் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் பாட்டை விற்றுவிடுகிறார். (வெளியூர்க்காரருக்கு: சம்மாட்டி என்றால் வலை முதலாளி. பாடு என்றால் கரைவலை வளைக்க உரிமையுள்ள கடற்கரைத் துண்டு. அது போனால் வலை இருந்தும் பயனில்லை.) வாங்கியவர் மூதூர்க்காரர். வீட்டில் அம்மாவுக்கு மட்டும் விஷயம் தெரியும். அண்ணனுக்குத் தெரியவந்த அன்று விடியற்காலையில், கரையில், வலை இழுக்கும்போதே அப்பாவோடு சண்டை. அன்றைக்கே அவன் ஊரைவிட்டுப் போகிறான்.

முழுக்கதையையும் மகள் "நான்" என்று சொல்கிறாள். பதினொரு அத்தியாயம் ஓடிவிட்டது. பன்னிரண்டில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். சண்டை நடக்கும்போது மகள் கரையில் இல்லை, மூதூரில் சின்னம்மா வீட்டில் இருக்கிறாள். அவள் ஏன் அங்கே போனாள் என்பதற்கு முன்னால் நாலு அத்தியாயம் செலவழித்திருக்கிறேன். திருப்பிக் கூட்டிவர முடியாது.

வாசித்த சிநேகிதி ஒருத்தி, "அண்ணனுக்கு ஒரு அத்தியாயம் கொடு, அவன் வாயால் சொல்லட்டும்" என்றாள். கொடுத்தேன். நன்றாக வந்தது, பொய் சொல்லமாட்டேன். வினை அதற்குப் பிறகுதான். அண்ணனுக்குக் கொடுத்தால் அம்மாவுக்கு ஏன் இல்லை? அம்மாவுக்குக் கொடுத்தால் மூதூர்க்காரர் என்ன பாவம் செய்தார்? பந்தியில் ஒரு இலைக்கு வடை வைத்தால் மற்ற இலையெல்லாம் நிமிர்ந்து பார்க்குமே, அந்த மாதிரி.

ஒரே பார்வையில் நிற்பதா, பிரித்துக் கொடுப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

2. ஸ்காபரோ சங்கு

தங்கச்சி, யோசிக்காமல் கொடுங்கள். எல்லோருக்கும்.

நான் திருகோணமலையை விட்டு முப்பது வருடத்துக்கு மேல். இரண்டு நாவல் எழுதினேன். முதலாவதில் ஒரே ஆள்தான் கதை சொல்வான். அதை வாசித்த பழைய பள்ளிக்கூடக் கூட்டாளி ஒருவன் போன் எடுத்து, "மச்சான், நம்ம தெருவில் நீ மட்டுமா இருந்தாய்?" என்று கேட்டான். இன்னும் குத்துகிறது. எங்கள் தெருவில் ஒரு பக்கம் ஐயர் வீடு, எதிரே கிண்ணியாவிலிருந்து வந்த துணிக்கடைக்காரர், மூலையில் சிங்களவர் ஒருவரின் பேக்கரி. என் நாவலில் அவர்களெல்லாம் சுவரில் மாட்டிய காலண்டர் படங்கள். இரண்டாவது நாவலில் ஐந்து பேரைப் பேசவிட்டேன், அதற்குப் பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

நீங்கள் கரைவலையை வைத்தே எழுதுகிறீர்கள். கரைவலைக்கு ஒரு கயிறா? ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி வளைந்துபோய் வலையைப் போட்டு, மறு நுனியைத் தள்ளிக் கொண்டுவந்து கொடுக்கும். இரண்டு கூட்டம் இரண்டு பக்கமும் நின்று இழுக்கும். இழுக்க இழுக்க நெருங்கி வருவார்கள். மீன் சேரும் மடி கரை ஏறும்போது தோளோடு தோள். இதைவிட நல்ல நாவல் வடிவம் வேண்டுமா? ராஷோமோன் படத்தைப் பாருங்கள். ஒரு சாவு, ஆளுக்கொரு கதை.

3. மெய்ப்புக்காரன்

முதலில் ஒரு திருத்தம், தொழில் புத்தி. 1950இல் வந்த அந்தப் படத்துக்குப் பெயரும் இடிந்த வாசலும்தான் ஜப்பானிய எழுத்தாளர் அக்குதாகவாவின் "ராஷோமோன்" கதையிலிருந்து வந்தவை. ஆளுக்கொரு வாக்குமூலம் என்ற சங்கதி அவர் 1922இல் எழுதிய வேறொரு கதை, ஒரு தோப்புக்குள் நடப்பது. ஏழு பேர் பேசுகிறார்கள், செத்தவன் உட்பட. ஆனால் அது சில பக்கச் சிறுகதை. ஏழு வாயை நானூறு பக்கத்துக்கு இழுத்துப் பாருங்கள்.

நான் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவன். பலர் சொல்லும் நாவல் மேசைக்கு வந்தால் ஒரு காரியம் செய்வேன். அத்தியாயத் தலைப்பில் இருக்கும் பெயரைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு முதல் பக்கத்தை வாசிப்பேன். யார் பேசுவது என்று பிடிபட்டால் சரி. பெரும்பாலும் பிடிபடாது. முதல் இரண்டு அத்தியாயத்தில் கிழவிக்கும் பேரனுக்கும் வித்தியாசம் தெரியும். ஐந்தாவதில் கிழவியும் "மௌனம் கனத்தது" என்பாள், பேரனும் "மௌனம் கனத்தது" என்பான். கனப்பது எழுத்தாளரின் மௌனம்.

இன்னொன்று. ஒற்றைப் பார்வை என்றால் "நான்" என்று எழுதுவது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. "அவள்" என்று படர்க்கையில் எழுதிக்கொண்டே கடைசிவரை அவள் தோளைவிட்டு இறங்காமல் இருக்கலாம். "நான்" என்றே பத்துப் பேரையும் பேசவைக்கலாம். தன்மையா படர்க்கையா என்பது ஒரு கேள்வி. எத்தனை தலைக்குள் புகுவது என்பது வேறு கேள்வி.

4. ஸ்காபரோ சங்கு

என் நாவலிலும் எல்லோரும் ஒரே மாதிரிப் பேசுகிறார்கள் என்கிறீர்களா?

5. மெய்ப்புக்காரன்

வாசிக்கவில்லை. வாசித்தால் சொல்கிறேன்.

6. இரவுப்பணி

நான் எழுதுகிறவன் இல்லை, வாசிக்கிறவன். நிலாவெளியில் ஹோட்டல் ஒன்றில் இரவு வரவேற்பு மேசை. இரண்டு மணிக்குப் பிறகு யாரும் வரமாட்டார்கள், புத்தகம்தான் துணை.

ஒரு சந்தேகம். பழைய தொடர்கதைகளில் எல்லோருடைய மனதிலும் என்ன ஓடுகிறது என்று ஆசிரியரே சொல்லுவாரே, அதுவும் பல பார்வைதானா? அப்புறம், "நான்" என்று எழுதுவது மேல்நாட்டு மோஸ்தர் என்று எங்களுக்குப் படிப்பித்தவர் ஒருவர் சொன்னார். மெய்யா?

7. ஓய்ந்த ரீச்சர்

தம்பி, இரண்டாவது கேள்விக்கு முதலில். 1879இல் வந்த பிரதாப முதலியார் சரித்திரம் முழுக்க முழுக்க முதலியார் தன் வாயால் சொல்லும் கதை. தமிழின் முதல் நாவலே "நான்" என்றுதான் தொடங்குகிறது. பிறகென்ன மோஸ்தர். (இது ஊர்ப்பெருமை: அதற்குப் பதினாறு வருடம் கழித்து, 1895இல், மோகனாங்கியை எழுதிய சரவணமுத்துப்பிள்ளை நம்ம திருகோணமலைக்காரர். சரித்திர நாவலுக்குத் தமிழில் முன்னோடி. அவர் பெயரைச் சொன்னால் ஊரில் பத்துப் பேருக்குத் தெரியாது.)

முதல் கேள்வி. எல்லாம் அறிந்த கதைசொல்லி வேறு, பல பார்வை வேறு. கோணேசர் மலையில் ஏறி நின்றால் இரண்டு பக்கக் கடலும் தெரியும், கோட்டையும் தெரியும், பட்டினமும் தெரியும். எல்லாவற்றையும் பார்ப்பது ஒரே ஆள். அவருக்கென்று ஒரு குரல், ஒரு நக்கல், ஒரு நியாயம் இருக்கும். அதுதான் பழைய தொடர்கதை ஆசிரியர். பல பார்வை என்பது மலையை விட்டு இறங்கி, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு இரவு தங்குவது. அந்த வீட்டு ஜன்னலால் தெரிவது மட்டும்தான் தெரியும்.

சிக்கல், மலையிலும் நிற்காமல் வீட்டிலும் தங்காமல் மதிலுக்கு மதில் தாவுவது. இதைப் பாருங்கள், இப்போதுதான் எழுதினேன்:

"அம்மா அடுப்பை ஊதினாள். கண் எரிந்தது. இவன் கேட்கப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அண்ணனுக்கோ கேட்க வாய் வரவில்லை. இவர்கள் இரண்டு பேரும் கூடிவிட்டார்கள் என்று திண்ணையில் இருந்த அப்பா நினைத்தார்."

ஐந்து வசனத்தில் மூன்று தலை. எரிகிற கண் யாருடையது என்பதையே வாசிக்கிறவர் மறந்துவிடுவார். அம்மாவை விட்டு நகராமல் எழுதினால்:

"அம்மா அடுப்பை ஊதினாள். கண் எரிந்தது. இவன் கேட்கப்போகிறான். ஆனால் அவன் செம்பின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றான். திண்ணையில் இவர் செருமினார். ஒரு தரம். பிறகு இன்னொரு தரம்."

"அப்பா" போய் "இவர்" வந்துவிட்டதைக் கவனியுங்கள். நம் பாஷையில் உறவுமுறையே பார்வைக்கோணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் காலத்து மனுசி மனதுக்குள்கூடப் புருசன் பெயரைச் சொல்லமாட்டாள். அதே ஆள் மகளுக்கு அப்பா, பக்கத்து வீட்டுக்குச் சம்மாட்டியார், கடன் கொடுத்தவனுக்கு வெறும் "அந்தாள்". வாவும் போவும் அப்படித்தான். வருவதும் தருவதும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல்வதும் கொடுப்பதும் படர்க்கைக்கும் என்று தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் பிரித்து வைத்திருக்கிறது. "அண்ணன் கரைக்கு வந்தான்" என்று எழுதினால் நீங்கள் கரையில் நிற்கிறீர்கள். "போனான்" என்றால் வீட்டில் நிற்கிறீர்கள். மகள் மூதூரில் இருக்கும்போது அண்ணன் கரைக்கு வரவே முடியாது, போகத்தான் முடியும்.

அகப்பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். புலவர் தன் வாயால் ஒன்றும் சொல்வதில்லை. தலைவி கூற்று, தோழி கூற்று, செவிலி கூற்று, கண்டோர் கூற்று. யார் வாய் என்பதுதான் அங்கே முதல் கேள்வி. குறுந்தொகையில் கபிலர் பாட்டு ஒன்று. தலைவி சொல்கிறாள்: அவன் என்னைக் கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஒரு குருகு நின்றது, தினைத்தாள் மாதிரிக் காலோடு. அதுவும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஒரே வாய். ஒரே சாட்சி. சாட்சியின் கண் வேறு இடத்தில். குருகுக்கு ஒரு அத்தியாயம் கொடுத்தால் அந்தப் பாட்டு செத்துப்போகும்.

8. ஸ்காபரோ சங்கு

ரீச்சர், பாட்டு ஐந்து அடி. நாவல் ஐந்து அடி இல்லை. அந்தத் தொகையையே எடுத்தால் ஒரு பாட்டில் தலைவி, அடுத்ததில் தோழி, அதற்கடுத்ததில் செவிலி. தொகுத்துப் பார்த்தால் அதுவே பல பார்வைதானே?

9. ஓய்ந்த ரீச்சர்

அது சரிதான். யோசிக்க வைத்துவிட்டீர்கள். ஆனால் தொகுத்தவர் வேறு ஆள்.

10. மூதூர் முனை

பாட்டை வாங்கியவர் மூதூர்க்காரர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன், நானும் அந்த ஊர்தான்.

நாவலில் எங்கள் ஆட்களுக்கு அத்தியாயம் கிடைக்கும்போதெல்லாம் எனக்குப் பயம். வாப்பா, உம்மா, காக்கா என்று நாலு சொல், ஒரு பாங்குச் சத்தம், பெருநாளுக்கு ஒரு சாப்பாடு. முடிந்தது எங்கள் பார்வை. ஒருவர் நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருந்தார், அவர் பெயர் வேண்டாம். அவருடைய மூதூர்க்காரர் மனதுக்குள் யோசிக்கும்போது யாழ்ப்பாணத்து வாத்தியார் மாதிரி யோசித்தார். காலண்டர் படத்தையாவது படம் என்று விட்டுவிடலாம். வாய் திறந்து பேசுகிற காலண்டர் படத்தை என்ன செய்வது?

பாட்டை வாங்கியவன் விடியக்காலையில் என்ன நினைப்பான்? சுபஹு தொழுதுவிட்டு வந்து கணக்குப் பார்ப்பான். கயிறு எவ்வளவு நைந்திருக்கிறது, முற்பணம் வாங்கினவனில் எத்தனை பேர் நாளைக்கு வருவான், வாடை தொடங்கினால் வலை ஓய்ந்துவிடும், அதற்குள் போட்ட காசு திரும்புமா. பழைய சம்மாட்டியின் மானம் மரியாதையெல்லாம் அவன் நினைப்பில் எத்தனையாவது இடம்? இது தெரிந்தால் அவனுக்கு "நான்" கொடுங்கள். தெரியாவிட்டால் தயவுசெய்து வேண்டாம் தங்கச்சி.

அதற்குப் பதில் மகளின் கண்ணால் அவன் வில்லனாகவே தெரியட்டும். ஆனால் அவள் பார்க்கும்படி அவன் ஒரு காரியம் செய்யட்டும். அவள் அதைப் பிழையாக விளங்கட்டும். வாசிக்கிற எனக்குச் சரியாக விளங்கட்டும். அது போதும் எனக்கு.

11. அலைவாய்க்கரை

மூதூர் நானா, பகல் முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு முறையும் முதல் மடியில் ஒரு பங்கு மீனை எங்கள் வீட்டுக்கு அனுப்புகிறார். மகள் அதைத் திமிர் என்று நினைத்துக் கிணற்றடியில் கொட்டுகிறாள், பூனைகள் தின்கின்றன. அம்மா ஒன்றும் சொல்லாமல் நாலு மீனைப் பொறுக்கி எடுத்துக் கழுவுகிறாள். இது சரிவருமா?

12. மூதூர் முனை

என்ன மீன்?

13. அலைவாய்க்கரை

கீரி.

14. மூதூர் முனை

பாரை மாதிரிப் பெரிய மீன் என்றால் திமிர். கீரி மாதிரிச் சின்ன மீன் என்றால் மரியாதை. சரி, எழுதுங்கள்.

15. மெய்ப்புக்காரன்

அண்ணன் அத்தியாயம் நன்றாக வந்தது என்றீர்களே, ஒரு துண்டு போடுங்களேன். பெருவிரல் தயாராக இருக்கிறது.

16. அலைவாய்க்கரை

பயமாக இருக்கிறது, இருந்தாலும் போடுகிறேன்:

"நான் கயிற்றைக் கீழே போட்டேன். அப்பா திரும்பிப் பார்த்தார். 'எடடா கயிற்றை' என்றார். எனக்குக் காது அடைத்தது. உள்ளங்கையில் நேற்றைய கொப்புளம் உடைந்து உப்பு எரிந்தது. இந்த எரிச்சல் யாருக்காக என்று ஒரு கணம் யோசித்தேன். கையை ஓங்கினார். நான் குனியவில்லை. அன்று மதியம் கிண்ணியாப் பாலத்தில் நடந்துபோகும்போதுதான் அழுதேன்."

17. மெய்ப்புக்காரன்

கொப்புளம் நல்லது. பாலம் நல்லதில்லை. கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். உங்கள் அண்ணன் 1975இல் அதில் நடந்தால் தண்ணீரில்தான் நடக்கவேண்டும். அப்போது பாதைதான்.

18. அலைவாய்க்கரை

ஐயோ.

19. மூதூர் முனை

பாதைக்குக் காத்துக்கொண்டு நின்ற நேரத்தில் ஒரு மனுசன் தன் சீவியத்தையே மாற்றி யோசிக்கலாம். பாலத்தைவிட அதுதான் அழுவதற்குத் தோதான இடம். (ஸ்காபரோ நண்பருக்கு: வெளியில் வாசிக்கிற பிள்ளைகளுக்குப் பாதை என்றால் ரோடு என்று விளங்கும். ஆற்றைக் கடக்க ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப்போகிற மிதவைக்கு இங்கே அதுதான் பெயர்.)

20. மெய்ப்புக்காரன்

பாலத்தை விடுங்கள், திருத்திவிடலாம். பெரிய சிக்கல் வேறு. பெருவிரலை வைத்துப் பார்த்தேன். இந்தத் துண்டில் பேசுவது உங்கள் மகள்தான். "இந்த எரிச்சல் யாருக்காக" என்பது பதினெட்டு வயதுக் கரைவலைப் பொடியன் நினைக்கிற நினைப்பா? சண்டை உங்களுக்குத் தேவைப்பட்டது, அதற்காக அண்ணனின் வாயை இரவல் வாங்கியிருக்கிறீர்கள். ஒரு காட்சிக்காக இரவல் வாங்கிய வாய் அடுத்த காட்சியில் ஊமையாகிவிடும். அவனுக்கு இன்னும் எத்தனை அத்தியாயம் வைத்திருக்கிறீர்கள்?

21. அலைவாய்க்கரை

ஒன்றும் இல்லை. அவன் போய்விடுகிறானே.

22. இரவுப்பணி

அக்கா, குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ஒரு விருந்தாளி சாவியைத் தொலைத்துவிட்டு வந்தார், அதற்கு நடுவில் யோசித்தேன்.

பாடு விற்றது அம்மாவுக்கு முதலிலேயே தெரியும் என்றீர்கள். வாசிக்கிறவனுக்கு எப்போது தெரியவேண்டும்?

23. அலைவாய்க்கரை

பத்தாம் அத்தியாயத்தில் தம்பி. அதுவரை அப்பா ஏன் கரைக்குப் போகாமல் திண்ணையில் இருக்கிறார் என்று மகளோடு சேர்ந்து வாசிப்பவரும் குழம்பவேண்டும்.

24. இரவுப்பணி

அப்படியென்றால் நாலாம் அத்தியாயத்தை அம்மாவுக்குக் கொடுத்தால் என்ன செய்வீர்கள்? அவள் தலைக்குள் நான் இருக்கிறேன். அவள் இரவும் பகலும் அதையே நினைத்துக்கொண்டிருப்பாள், வேறெதை நினைப்பாள்? அதை எனக்குச் சொல்லாமல் அவள் கறிவேப்பிலை கிள்ளுவதைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தால், பத்தாம் அத்தியாயத்தில் எனக்குக் கோபம் வரும். ஒளித்தவள் அம்மா இல்லை, நீங்கள் என்று தெரிந்துவிடும். அப்படி ஒரு துப்பறியும் கதை வாசித்தேன். கொலைகாரனின் மனதுக்குள் முப்பது பக்கம் இருந்துவிட்டு வந்தேன், அவன் கொன்றதை ஒரு தரமும் நினைக்கவில்லையாம். புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். ஹோட்டல் சுவர், அதனால் மெதுவாக.

25. மெய்ப்புக்காரன்

இந்தப் பொடியன் நன்றாக வாசிக்கிறான்.

26. ஓய்ந்த ரீச்சர்

அப்படிக் கேள் தம்பி. யாரிடம் ரகசியம் இருக்கிறதோ அவர் தலைக்குள் போனால் ரகசியத்தை மேசையில் வைத்துவிடவேண்டும். வைத்தால் கதை வேறு கதையாகும்: வாசிப்பவருக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது, எப்போது உடையும் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். அதுவும் நல்ல கதைதான். ஆனால் பிள்ளை எழுதுவது அந்தக் கதை இல்லை.

இன்னொன்று கேட்கிறேன் பிள்ளை. உங்கள் மகள் இதை எப்போது சொல்கிறாள்? நடந்துகொண்டிருக்கும்போதா, பல வருடம் கழித்தா?

27. அலைவாய்க்கரை

பல வருடம் கழித்து. அம்மா செத்த பிறகு, வீட்டை ஒதுக்கும்போது.

28. ஓய்ந்த ரீச்சர்

அப்படியென்றால் சண்டையைப் பற்றி ஊரெல்லாம் கதைத்ததை அத்தனை வருடமும் கேட்டிருப்பாளே? கண்ணால் பார்க்காததைச் சொல்ல நம் பாஷையில் ஒரு சின்னச் சாவி இருக்கிறது: "ஆம்". போட்டான் என்றால் பார்த்தேன். போட்டானாம் என்றால் கேள்வி. ஒரே ஒரு அசையை ஒட்டினால் போதும், வாசலில் நின்றுகொண்டே நாலு வீட்டு நடுவறைச் செய்தியையும் சொல்லிவிடலாம். யார் சொல்லக் கேட்டது, நம்பலாமா என்ற சந்தேகமும் இலவசமாகக் கூடவே வரும். இவ்வளவு கையில் இருக்க அண்ணனின் வாய் எதற்கு?

29. ஸ்காபரோ சங்கு

பக்கம் பக்கமாக "ஆம், ஆம்" என்று போட்டால் வம்பளக்கிற திண்ணை மாதிரி இருக்காதா?

30. ஓய்ந்த ரீச்சர்

பக்கம் பக்கமாகப் போட்டால் இருக்கும். அளவாகப் போடவேண்டும். உப்பு மாதிரி.

31. அலைவாய்க்கரை

இரவு இரண்டு மணிவரை இருந்து எழுதினேன். நாளைக்குக் கணக்கில் என்ன நடக்குமோ.

"அண்ணன் கயிற்றைக் கீழே போட்டானாம். இழுக்கிற கயிற்றை நடுவில் விடக்கூடாது என்று அவனுக்குச் சின்ன வயதிலிருந்து சொன்னவர் அப்பாதான். 'எடடா' என்றாராம். அவன் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை மூன்று பேரிடம் கேட்டேன். அப்பா அடித்தார் என்றார் ஒருவர். கையை ஓங்கினார், அடிக்கவில்லை என்றார் இன்னொருவர். மூன்றாமவர் பக்கத்திலேயே நின்றவர். அன்றைக்கு மடி நிறையக் கீரி, அவ்வளவு கீரியை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை என்று அதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவிடம் கேட்கவில்லை. அம்மா அன்று பானையில் இரண்டு பேருக்குச் சோறு குறைத்துப் போட்டாள் என்று மட்டும் தெரியும். ஒருவர் அண்ணன். மற்றவர் யார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை."

32. இரவுப்பணி

குருகு!

33. மெய்ப்புக்காரன்

மூன்றாமவரா? ஓம், குருகேதான்.

"பானையில் சோறு குறைத்துப் போட்டாள்" என்பதை "அரிசி" என்று மாற்றுங்கள். சோறு பானையிலிருந்து வரும், பானைக்குள் போவது அரிசி. மற்றபடி கைவைக்க ஒன்றும் இல்லை.

34. ஸ்காபரோ சங்கு

ஒத்துக்கொள்கிறேன், இது நல்ல பத்தி. ஆனாலும் எனக்கு ஒரு இழப்பு தெரிகிறது. கொப்புளம் போய்விட்டது. உப்பு எரிந்த கை அவனுக்கு மட்டும்தான் தெரியும், எந்தச் சாட்சிக்கும் தெரியாது. ஊரைவிட்டுப் போனவன் நான். போனவனைப் பற்றி இருக்கிறவர்கள் சொல்லும் கதையைத்தான் காலம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தை நாங்கள் சொன்னால் என்ன என்று தோன்றுகிறது. இது நாவல் இலக்கணம் இல்லை, என்னுடைய சொந்தப் புண். ஆனால் அதை வைத்துத்தான் ஐந்து பேருடைய நாவலை எழுதினேன், அதைப் பிழை என்று சொல்லமாட்டேன்.

35. மெய்ப்புக்காரன்

பிழை என்று யார் சொன்னது? உங்கள் இரண்டாவது நாவலை நேற்று நூலகத்தில் எடுத்தேன். பெருவிரல் வைத்துப் பார்த்தேன். பேக்கரிக்காரர் பேசும் அத்தியாயம் தனியாகத் தெரிகிறது. சின்னச் சின்ன வசனம், எல்லாம் மாவும் நேரமும் வெக்கையும். அவர் எந்தப் பாஷையில் நினைக்கிறார் என்ற கேள்வியை நீங்கள் தொடவே இல்லை, அது புத்தி. மற்ற நாலு பேரும் நீங்கள்தான்.

36. ஸ்காபரோ சங்கு

நன்றி என்று சொல்வதா என்று தெரியவில்லை. அந்த பேக்கரியில் இரண்டு விடுமுறை வேலை செய்தேன்.

37. மூதூர் முனை

பார்த்தீர்களா. நான் சொன்னதும் அதுதான்.

38. அலைவாய்க்கரை

ஒரு கிழமையாகக் காணவில்லை என்று ரீச்சர் தனியாகக் கேட்டிருந்தார். கணக்கு முடிவு நாட்கள்.

அம்மாவின் அத்தியாயத்தையும் மூதூர்க்காரரின் அத்தியாயத்தையும் எடுத்துவிட்டேன். மொத்தம் நாற்பத்தொரு பக்கம். கிழித்துப் போட மனமில்லை, வேறு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். அவற்றை எழுதியிருக்காவிட்டால் மீனும் வந்திருக்காது, அரிசியும் வந்திருக்காது. ஸ்காபரோ அண்ணா, கொப்புளத்தை விடவில்லை. கடைசி அத்தியாயத்தில் அம்மாவின் செத்தவீட்டுக்கு அண்ணன் வருகிறான், மகள் தேத்தண்ணி கொடுக்கும்போது அவன் உள்ளங்கையைப் பார்க்கிறாள். வழுவழுவென்று இருக்கிறது, வேறு யாருடையவோ கை மாதிரி. அவள் ஒன்றும் கேட்கவில்லை. போதுமா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை விடியச் சல்லிக் கடற்கரைப் பக்கம் போனேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மறு கயிற்றில் நிற்கிற ஆளுக்கு இந்தக் கயிற்றுப் பேச்சு கேட்குமா என்பது என் சந்தேகம், மூன்று சாட்சியில் ஒருவரை அங்கேதான் நிறுத்தியிருந்தேன். ஒரு ஐயாவிடம் கேட்டேன். இழுத்துக்கொண்டே சொன்னார்: "தொடக்கத்தில் சத்தம் கேக்கும் பிள்ளை, சொல்லுக் கேக்காது. மடி கிட்ட வந்தால்தான் சொல்லுக் கேக்கும். அந்த நேரத்தில் ஆர் கேக்கிறது?"

அதனால் பன்னிரண்டாம் அத்தியாயத்தை இன்னொரு தரம் எழுதவேண்டும். அடித்தார் என்று சொன்னவரை மறு கயிற்றுக்கு அனுப்பிவிட்டேன்.

39. இரவுப்பணி

அப்ப அடித்தாரா இல்லையா அக்கா?

40. அலைவாய்க்கரை

எனக்குத் தெரியாது தம்பி, நானும் மூதூரில்தானே இருந்தேன்.